அன்றிரவு அவர் மனையில் உண்டது யாது?





பெரியபுராணத்தைப் பன்முறை ஓதினோர்க்கும் அதன்கண் சில இடங்களை விரைந்து கடந்துபோகும் பழக்கம் உண்டு. வரலாற்றின் முடிபு முன்னரே தெரிந்திருத்தலின், இடையில் நேர்ந்த துன்பம் நம் நெஞ்சில் தங்குவதில்லை. இடபத்தின்மேல் இறைவன் தோன்றப்போகின்றான் என்னும் எண்ணத்தோடே நாம் முதற்செய்யுளைத் தொடங்குகின்றோம். அடியேன் அங்ஙனம் பல்லாண்டு கடந்துபோன ஓரிடத்தில் ஒரு குழந்தை அடியேனைத் தடுத்து நிறுத்தினாள். அந்நிகழ்ச்சியையும், அதுபற்றி அடியேன் பின்னர்ச் சிந்தித்தவற்றையும் தங்கள் திருமுன் விண்ணப்பித்துக்கொள்கின்றேன்.

தொண்டைநாட்டின் வடபாற் கடற்கரையில், சென்னைக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது பழவேற்காடு. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் ஒடிசாவின் சிலிகை ஏரிக்கு அடுத்தபடி பெரியது இவ்வூர்ப் பெயர் கொண்ட ஏரியே. அதன் பெரும்பகுதி ஆந்திரத்திலும் எஞ்சியது தமிழ்நாட்டிலும் கிடக்கின்றது. ஆரணியாறும் காளங்கியாறும் நன்னீரைக் கொணர, முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் உட்புக, இவ்விரண்டும் கலந்த நீரில் இறாலும் நண்டும் மடவையும் வளர்கின்றன. அவற்றை நம்பி எண்ணிறந்த குடும்பங்கள் வாழ்கின்றன. ஒல்லாந்தர் 1613-இல் எழுப்பிய கோட்டையால் சரித்திர நூலார்க்கு இவ்வூர் தெரியும். மூர்க்க நாயனார் அவதரித்த திருவேற்காட்டை நன்கறிந்த நம்மவர்க்கோ, பெயரால் அதற்கு உறவுபோலத் தோன்றும் இப்பழவேற்காடு தெரியாது. திருப்பாலைவனத்துச் சிவாலயம் அணித்தே இருந்தும், குப்பங்களில் திருமுறையொலி அரிதாகவே கேட்கின்றது. அது குப்பத்தார் குறையன்று. நாம் அங்குச் செல்லாமையே குறை.

அக்குப்பங்களுள் ஒன்றில், அம்மன் கோயில் முன்றிலில், சிறார்க்குத் திருமுறை படிப்பிக்கும் தொண்டினைச் சில அன்பர்கள் நடத்தி வருகின்றனர். நல்லூர் ஆறுமுக நாவலரவர்கள் 1848-இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியதும், சிறார்க்கெனப் பாலபாடங்கள் எழுதியதும், பெரியபுராணத்தை யாவரும் வாசிக்கத்தக்க வசனமாக்கித் தந்ததும் நாம் அறிந்தனவே. அப்பெருமான் இட்ட வித்தின் சிறுமுளை ஒன்று இம்முன்றிலிலும் தோன்றியிருக்கின்றது என்று கூறலாம். 2023-ஆம் ஆண்டு மார்கழியில் அடியேனும் அங்குச் சென்றேன். அவ்வாண்டு டிசம்பர்த் தொடக்கத்தில் வந்த மிக்ஜாம் புயல் சென்னையையும் அதன் வடபாற் கரையையும் அலைத்துச் சென்று இரண்டு வாரமே ஆகியிருந்தது. படகுகள் கரையேறிக் கிடந்த நாட்கள் பல. நீரில் இறங்கிய நாட்களிலும் வலை ஏறக்குறைய வெறிதாகவே வந்தது என்றனர். வழக்கமாக வரும் சிறாருள் பெரும்பாலார் அன்று வந்திலர். ஒன்பது அகவையுள்ள ஒரு பெண் குழந்தை மட்டும் நூலை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தாள். அவளுடைய பாட்டியார் சற்றுத் தள்ளிக் கருவாட்டைத் தெரிந்து கூடையில் இட்டுக்கொண்டிருந்தார்.

கடற்கரைக் குழந்தைக்குக் கடற்கரை நாயனார் வரலாறே ஏற்றது என்று கருதி, அதிபத்த நாயனார் புராணத்தைத் தொடங்கினேன். சோழநாட்டு நாகப்பட்டினத்துக் கடலோரத்தே நுளைப்பாடியில், பரதவர் தலைவராய் வாழ்ந்தவர் அதிபத்தர். வலையிற்பட்ட மீன்களுள் ஒன்றை, ‘இது கூத்தப்பிரானுக்கு’ என்று நாள்தோறும் கடலில் விடுவது அவர் கொண்ட நியமம். கொலைத்தொழிலர் வரலாறாயிற்றே என்று இப்புராணத்தை ஓதக் கூசும் அன்பர் சிலரை அடியேன் கண்டதுண்டு. அவர்கள் ஒன்று நோக்கவேண்டும்: இறைவனுக்கென்று குறித்த அம்மீன் உயிரோடு நீருட் புகுகின்றது. பரதவர் கையினின்று சிவபெருமான் ஏற்றுக்கொண்ட நிவேதனம் ஓர் உயிரின் விடுதலையாகவே இருந்தது.

குழந்தை இந்நியமத்தை நொடிப்பொழுதில் அறிந்துகொண்டாள். அவளது பேச்சைச் சிறிதே திருத்தி எழுதுகின்றேன்.

“படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு. அதுபோலச் சாமிக்கு ஒரு பங்கு. அப்படித்தானே ஐயா?”

“அப்படித்தான் அம்மா.”

பங்கு என்பது அக்குப்பத்தில் விளையாட்டுச் சொல்லன்று. உழைப்பும் முதலும் ஈடுபட்டோர் யாவர்க்கும் பிடித்ததில் உரிமை உண்டு என்பதே அவர்கள் தொழிலின் அறம். படகும் வலையும் ஆளைப்போலப் பங்கு பெறுகின்றன. கடலையும் மீனையும் படைத்தவன் பங்கு பெறாதிருத்தல் அன்றோ வியப்பு! சரியை கிரியைகளின் இலக்கணத்தை இத்துணை எளிதாக அடியேனால் கூறியிருத்தல் இயலாது.

பின்னர் ஒரு மீனே படும் நாட்கள் வந்தன என்பதையும், அவ்வொன்றையும் நாயனார் இறைவனுக்கென்று விட்டார் என்பதையும் படித்தோம். ஒரு நாளன்று; நாள்தோறும் அவ்வாறே. செல்வம் சுருங்கியது, சுற்றத்தார் பசியால் வருந்தினர், நாயனாரும் மெலிந்தார், ஆயினும் மகிழ்ந்தார். இதனைச் சொல்லிவிட்டு, பொன்மீனிடத்துக்கு அடியேன் விரைந்தேன். நவமணி பதித்த பொன்மீன் என்றால் குழந்தையின் கண் அகலும் என்பது அடியேன் எண்ணம்.

அவள் நூலின்மேல் விரலை வைத்தாள். “இருங்கள் ஐயா. ஒரு மீன்தான் கிடைத்தது, அதையும் விட்டுவிட்டார். அன்றைக்கு இராத்திரி வீட்டில் இருந்தவர்கள் என்ன சாப்பிட்டார்கள்?”

அடியேனுக்கு விடை தோன்றவில்லை. தோன்றாமையை மறைத்து, “பொறு அம்மா, பின்னால் இறைவன் வந்து நாயனாருக்குக் காட்சி கொடுத்துத் தன் உலகத்தில் வைக்கின்றான்” என்றேன்.

“அவருக்குக் கொடுத்தான். வீட்டில் இருந்தவர்களுக்கு?”

அன்பர்களே, திருவிளையாடற் புராணத்து வலைவீசின படலத்தைத் தாங்கள் அறிவீர்கள். இறைவன் வேதப்பொருள் விரித்தருளும்போது கருத்துச் சிதறக் கேட்டமையால் உமையம்மை பரதவர் மகளாகப் பிறக்க நேர்ந்தது. அம்மையை மணக்க அப்பனே வலைஞனாய் வந்து வலைவீசினான். கீர்த்தித் திருவகவலும் இத்திருவிளையாட்டைச் சுட்டும். அப்படலம் அன்று அடியேனுக்கு நினைவு வந்து நாணம் தந்தது. இங்கே பரதவர் மகள் கருத்தூன்றிக் கேட்கின்றாள். பொருளுரைக்க வந்தவனே கருத்துச் சிதறி நிற்கின்றான்.

அவள் வினாவிய வினா நூலினுள்ளேயே கிடக்கின்றது. சேக்கிழார் பெருமான் சுற்றத்தின் பசியை மறைத்திலர்; வெளிப்படக் கூறினார். அவர்கள் பின்னர் எய்தியது யாது என்பதை மட்டும் விரித்திலர். பிற புராணங்களோடு ஒப்புநோக்கினால் இது மேலும் விளங்கும். இளையான்குடி மாறனார் மனையிலும் வறுமை உண்டு. ஆனால் மழையிரவில் விதைத்த நெல்லை வாரிவந்து அடியார்க்கு அமுதாக்கலாம் என்று வழி கூறியவர் அவர் மனைவியாரே. இருவரையும் ஒருங்கே இறைவன் தன் உலகத்துக்கு அழைத்தான். சிறுத்தொண்டர் மனையில் திருவெண்காட்டு நங்கையாரும் சந்தனத் தாதியாரும் தொண்டில் உடன்நின்றனர், பேற்றிலும் உடன்சென்றனர். அதிபத்தர் சுற்றத்தாரை யாரும் கேட்டதாகப் புராணம் கூறவில்லை. அவர்கள் பசித்தனர், அவ்வளவே. பெரியோர் ஒருவர் கொண்ட நியமத்தின் சுமை, அந்நியமத்தைக் கொள்ளாத சிறியோர்மேலும் விழுகின்றது. இதனைக் கடற்கரைக் குழந்தை கண்டாள். மூன்று முறை இப்புராணத்தைத் தொடர்சொற்பொழிவாக நிகழ்த்திய அடியேன் கண்டிலேன்.

அடியேன் நாவின்மேல் ஒரு விடை வந்து நின்றதுண்டு. இறைவனது அருள் அறக்கருணை, மறக்கருணை என இருவகைப்படும் என்பதும், தாய்தந்தையர் மக்களை ஒறுப்பதும் பரிவின்பாற்படுவது போல இறைவன் தரும் துன்பமும் அருளே என்று சிவஞானசித்தியார் விளக்குதலும் நம் மரபில் எளிதாக எடுத்தாளப்படுவன. அவ்விடையை அன்று கூறாமல் விழுங்கினேன். அதன் காரணத்தைச் சொல்லுதல் கடமை. முதலாவது, அவ்வுவமை வழிதவறிய மக்களைப் பற்றியது. அதிபத்தர் மனையிலிருந்த குழந்தைகள் யாது தவறினர்? இரண்டாவது, எதிரில் அமர்ந்திருந்தவள் தன் மனையில் அன்று அடுப்பு எரிந்ததோ இல்லையோ என்பதை அறிந்தவள். ‘உன் பசியும் மறக்கருணையே’ என்று உண்டு வந்தவன் உண்ணாதவளிடம் கூறுதல் சித்தாந்தமாகுமா? மறக்கருணை என்னும் சொல் நம் துன்பத்தை நாமே நோக்கும்போது சொல்லிக்கொள்ளத் தக்கது. பிறர் துன்பத்தைக் காட்டி நாம் உரைக்கத் தொடங்கினால், அது கருணையின் பெயரால் நம் கையை மடக்கிக்கொள்ளும் வழியாகிவிடும். நம் மேடைகளில் இது மிகுதியாக நிகழ்கின்றது என்பதைத் தாழ்மையுடன் கூறுவேன்.

விடை பாட்டியாரிடமிருந்து வந்தது. அவர் கூடையினின்று தலை நிமிர்த்தவும் இல்லை.

“மீன் பட்ட வீட்டிலே போய்ச் சாப்பிட்டிருக்கும் பிள்ளைங்க. நீ போகலையா? முந்தாநாள் எங்கே சாப்பிட்டே?”

“சின்னம்மா வீட்டிலே, ஆயா.”

“அப்புறம் என்ன கேள்வி?”

குழந்தை ஒருவாறு அமைதியுற்றாள். அடியேன் அமைதியுறவில்லை. பாட்டியார் கூறியது சேக்கிழார் கூறியதன்று. அயலார் உணவளித்தனர் என்று புராணத்தில் இல்லை. இல்லாததை நூலிற் புகுத்தி உரைகூறுதல் முறையன்று. ஆயினும் அவர் வெறும் ஊகம் கூறவில்லை, தாம் வாழும் ஒழுங்கையே கூறினார் என்பது பின்னர்த் தெரிந்தது.

அவ்வொழுங்குக்கு அங்குப் ‘பாடு’ என்று பெயர். ஏரியில் இறாலுக்கு வலைகட்டத்தக்க துறைகள் எல்லார்க்கும் ஒரே நாளிற் போதா. ஆதலின் உரிமையுடைய குப்பத்தார் துறைகளைத் தம்முள் முறைவைத்துச் சீட்டினால் பகிர்ந்துகொள்ளுதல் பண்டுதொட்டு வரும் வழக்கம். இன்று ஒருவர் பாடு; நாளை மற்றொருவர் பாடு. தன் முறை அல்லாத நாளில் எத்துணை வலிமையுடையானும் அத்துறையில் வலை இறக்கான். நல்ல துறை ஒருவனுக்கே என்றும் உரியதாகாது. சீட்டில் நல்ல துறை விழுந்தாலும் அன்று மீன் வரும் என்பது உறுதியில்லை. பாடு என்னும் சொல் முறை, உழைப்பு, துன்பம், வலையிற் படுதல் எனப் பலபொருள் தரும் ஒரு சொல்லாய் அவர்கள் வாழ்வு முழுவதையும் அடக்கி நிற்றல் காண்க. அங்ஙனம் வாழ்பவர்க்கு, இன்று மீன் பட்டவன் மனையில் இன்று படாதவன் மக்கள் உண்ணுதல் தானமும் அன்று, கடனும் அன்று. மெய்கண்டதேவர் என்று நாம் போற்றும் ஆசிரியர் சிவஞானபோதத்தின் பன்னிரண்டாஞ் சூத்திரத்தில் அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் அரன் எனத் தொழுக என்று முடித்ததை நினைத்தேன். அருள் எவ்வழியாக வந்து சேரும் என்று வினாவுவோர்க்கு அச்சூத்திரம் மேலுலகத்தைச் சுட்டாமல் கண்முன் நிற்பவரைச் சுட்டுகின்றது. ஒரு வேளை சேக்கிழார் கூறாது விட்ட இடத்தில் நாம் செய்யவேண்டியது இருக்கின்றது போலும்.

இனி, நம்புதல் என்பதைப் பற்றிச் சிறிது. தைத் திங்களில் மறுமுறை சென்றபோது குழந்தை ஒரு செய்தியோடு காத்திருந்தாள். வரலாற்றைத் தந்தையாரிடம் கூறினாளாம். அவர் நகைத்து, “சின்ன மீனைத் தூண்டிலிலே கோத்துப் பெரிய மீனைப் பிடிக்கிறது எங்களுக்கும் தெரியும், உன் நாயனார் ஒரு மீனைப் போட்டுப் பொன்மீனைப் பிடித்தார்” என்றாராம். வலை வெறிதாக வந்த நாட்களின் கசப்பு அந்நகையில் இருந்திருக்கலாம். அவரைக் குறைகூற அடியேன் துணியேன்.

“நீ என்ன சொன்னாய்?” என்றேன்.

“தூண்டில் என்றால் கயிறு இருக்குமே. அவர் கயிறு கட்டவில்லையே அப்பா, சும்மா விட்டுவிட்டாரே என்றேன்.”

அன்பர்களே, அடியேன் அவ்விடத்திலேயே நூலை மூடிவைத்துவிட்டேன். நம் வேண்டுதல்களில் எத்தனை கயிற்றோடு கூடியவை! மகப்பேறு கிடைத்தால் முடி இறக்குவோம். வழக்கு வென்றால் விளக்கேற்றுவோம். இவை இழிந்தன என்று தள்ள அடியேன் உடன்படேன். அச்சமுற்ற உயிர் கைக்கு எட்டியதைப் பற்றிக்கொள்ளுதல் இயல்பு, அதனையும் இறைவன் பொறுத்தருள்கின்றான். ஆயினும் இவற்றில் நாம் நம்புவது இறைவன் தரும் பொருளையே, இறைவனை அன்று. பொருள் வாராதபோது அந்நம்பிக்கை கயிறறுந்து போதலே இதற்குச் சான்று.

உயிர் சார்ந்ததன் வண்ணமாவது என்பது நம் சித்தாந்தத்தின் அடிப்படை. ஒன்றையும் சாராது தனித்து நிற்றல் அதற்கு இயலாது. ஆகவே நம்புவதா நம்பாதிருப்பதா என்னும் வினாவே உயிர்க்கு இல்லை. எதனைச் சார்ந்து நம்புவது என்பதே வினா. வலை நிறைந்த நாளில் ஒருவன் மீனைச் சார்ந்து நிற்கின்றானா, மீன் தந்தவனைச் சார்ந்து நிற்கின்றானா என்பது பிறர்க்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. இரண்டும் ஒரே நிறமாகத் தோன்றும். நூறு மீனில் ஒன்றை விடும் அதிபத்தரும், நூறு மீனில் ஒன்றைக் கோயிலுக்குத் தரும் வணிகனும் அன்று வேறுபடார். ஒரு மீனே பட்ட நாளில்தான் சார்பு வெளிப்பட்டது. சிவஞானபோதத்துப் பத்தாஞ் சூத்திரம் கூறும் இறைபணி நிற்றல் என்பது இதுவே என்று கொள்ளலாம்: ‘என் மீன், அவன் மீன்’ என்னும் பாகுபாடே ஒழிதல். அன்று பங்கு என்பதற்கு இடமில்லை. குழந்தை கூறிய பங்குக்கணக்கு நியமத்தின் தொடக்கத்துக்குப் பொருந்தியது. முடிவில் நாயனாரே பங்காகிவிட்டார்.

பொன்மீன் நிகழ்ச்சியையும் இவ்வாறே காணவேண்டும். அதனை நாயனாருக்குக் கிடைத்த பரிசாகச் சிலர் உரைப்பர். பரிசாயின் அவர் அதனை வைத்துக்கொண்டிருப்பார். அவரோ அதனையும் அலைமேல் விட்டார். முன்னர் விட்ட மீன்களெல்லாம் தூண்டில் மீன்களாயின், இழுக்கவேண்டிய பொழுது அதுவன்றோ? இழுக்கக் கயிறு இல்லை என்பது அப்பொழுதே உலகறிய விளங்கிற்று. ஆவணித் திங்கள் ஆயில்ய நாளில் நாகைக் காரோணத்து விழாவில் பரதவர் படகேறிக் கடலுட் சென்று பொன்மீனை விடும் காட்சியை இன்றும் காணலாம். கரையில் நின்று காண்போர் பலர் அம்மீனின் ஒளியையே நோக்குவர். அடுத்த முறை செல்லும் வாய்ப்புக் கிட்டின், அம்மீனை விடும் கையை நோக்கவேண்டும் என்று எண்ணியிருக்கின்றேன்.

இத்துணையும் கூறிய பின்னும் குழந்தையின் முதல் வினாவுக்கு முழுவிடை கூறிவிட்டேன் என்று அடியேன் கருதவில்லை. நாயனாரது நம்பிக்கைக்கு விளக்கம் கிடைத்தது. பசித்த சுற்றத்தாரது நிலைக்குப் பாட்டியார் சொல்லன்றி வேறு விளக்கம் கிடைக்கவில்லை. ஆதீனங்களிலும் கழகங்களிலும் உள்ள பெரியோர் இதுபற்றித் தம் கருத்தை இவ்விதழில் எழுதியருளினால் அடியேனும், அக்குழந்தையும் பயன்பெறுவோம். அவள் எழுத்துக்கூட்டிப் படிப்பாள். ஆகலின் எளிய நடையில் எழுதுதல் நலம்.

அன்று புறப்படும்போது, “அடுத்தது யார் ஐயா?” என்று கேட்டாள். திருத்தொண்டத்தொகையின் முறைப்படி அதிபத்தருக்கு அடுத்தவர் கலிக்கம்ப நாயனார். முன்பு தம் மனையில் ஏவல்செய்து நீங்கியவரே அடியாராய் எழுந்தருள, அவர் திருவடி விளக்க நீர்வார்க்கத் தயங்கிய மனைவியாரின் கையைத் தறித்தவர். அவ்வம்மையாரின் கையைப் பற்றி இக்குழந்தை கேட்கப்போவது யாதோ என்று மாசி முழுவதும் நூலை விரித்துவைத்துக்கொண்டு அமர்ந்திருக்கின்றேன்.